ஸ்டியரிங் இல்லாத வோல்கா

காரைத் திருடுகிறவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போவான். பிஷ்கெக் பக்கத்து ஊரான காரா-பால்தாவில் அன்று காலை ஒருவன் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு போயிருந்தான். கார் நின்ற இடத்திலேயே நின்றது.

நானும் ஸூரா அக்காவும் பல் டாக்டர் தாவ்லெத்தின் கொட்டகைக்குள் நுழைந்தபோது, அந்த வான நீல வோல்கா மூக்கறுபட்ட மாப்பிள்ளை மாதிரி எங்களைப் பார்த்தது. அறுபத்தொன்றில் பிறந்த வண்டி. அதன் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, எட்டு சிலிண்டர் ஜப்பான் எஞ்சின் ஒன்றை மூன்று வருடம் பாடுபட்டு உள்ளே இறக்கியிருந்தார் டாக்டர். முதல் தடவை முடுக்கியபோது பக்கத்துத் தெருவில் ஓர் ஆடு நாளாவதற்கு முன்பே குட்டி போட்டுவிட்டது என்பார்கள். இரண்டு குட்டி என்பேன் நான்.

தந்த நிறத்தில், மெல்லிசாக, அழகான ஸ்டியரிங் அது. பழைய வோல்காவின் ஸ்டியரிங்கை ஜப்பான் தண்டில் பொருத்த நடுவில் ஒரு இணைப்பைத் தனியாகக் கடைந்து வைத்திருந்தார். உலகத்தில் வேறு எந்த ஸ்டியரிங்கும் அந்தத் தண்டில் உட்காராது. இப்போது அங்கே வெறும் தண்டு. அதன் நுனியில் ஒரு நட்டு.

வெளியே தெரு முழுக்கக் கார்கள் உறுமிக்கொண்டிருந்தன. வோல்கா, மாஸ்க்விச், ஜபரோஷெத்ஸ், எல்லாம் எங்கள் தாத்தா காலத்துத் தகரம்; உள்ளே துடிப்பது மட்டும் நேற்றைய எஞ்சின். இந்தப் பழைய கார் கிளப்புக்கு ஒரே ஒரு விதிதான்: லாரியில் ஏற்றி வருவது கார் இல்லை, அலமாரி. ஓட்டிக்கொண்டு வா, இல்லையென்றால் வராதே. அன்றைக்கு தோ-ஆஷூ கணவாய் ஏறி, சுரங்கத்தைத் தாண்டி, சூசாமிர் சமவெளியில் இறங்க வேண்டும். முன்னால் நீல வோல்கா. அதை ஓட்டப் போவது தாவ்லெத். பக்கத்தில் அவர் மகள் ஐபேரி.

எங்களைக் கூப்பிட்டதே அந்தப் பெண்தான்.

"அக்கா, இது வெறும் ஊர்வலம் இல்ல," என்றாள். காதில் புதுக் கம்மல். மாப்பிள்ளை வீட்டார் போட்டது. "சூசாமிர்ல ஆஸத் வீட்டு விருந்து. ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒரே தட்டுல கறி சாப்பிட்டாத்தான் கல்யாணத் தேதி. இப்ப பாருங்க, ஸ்டியரிங்க எடுத்தது அவங்க அப்பாதான்னு எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும்னா?"

"நான்தான் சொன்னேன்!" என்று முன்னால் வந்தார் யூசுப். துங்கான் இனத்து மனிதர். காரா-பால்தாவில் நூடுல்ஸ் கடை வைத்திருப்பவர், மாஸ்க்விச்காரர். தொண்டை மட்டும் லாரி ஹாரன். "முன் சீட்டுல இது இருந்துச்சு. வெள்ளைத் தேன். மூடியில பச்சை நூல். குபாத்தோட தேன்பெட்டியைத் தவிர வேற யாரு பச்சை நூல் கட்டுறாங்க?"

குபாத் என்றால் ஆஸத்தின் அப்பா. தாவ்லெத்துக்கு வரப்போகும் சம்பந்தி. மலையடிவாரத்தில் ஸோஸ்னோவ்காவில் வீடு. கறுப்பு பொபேதா கார் வைத்திருக்கிறார். ஊர்வலம் அந்த வழியாக வரும்போது சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருந்தார்.

ஸூரா அக்கா தேன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இவள் முப்பது வருடம் டிரைவிங் லைசென்ஸ் தேர்வு நடத்தியவள். பாதி பிஷ்கெக்கை ஃபெயிலாக்கியவள். மீதிப் பாதி இன்றைக்கும் அவளைக் கண்டால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நடந்து போகும். ஓய்வுக்குப் பிறகு துப்பறிகிறாள். நான் பெய்ஷென், ட்ராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன், அவளுடைய உதவியாளன். சம்பளம்: திட்டு. போனஸ்: கூடுதல் திட்டு.

"திருட வந்தவன் தேன் குடுத்துட்டுப் போவானா, யூசுப்?"

"அது கொரும்துக் முறை, அக்கா! புதுசா ஒண்ணை முதல் தடவை பார்த்தா ஏதாவது வைக்காம திரும்ப முடியுமா? மணப்பொண்ணு முகத்தைப் பார்த்தாலும் வைக்கணும், காரைப் பார்த்தாலும் வைக்கணும். பார்த்தாரு, கை கூசிச்சு, வச்சாரு. அப்புறம் கழட்டினாரு."

"திருடனா இருந்தாலும் முறை தவறாதவன்," என்றேன் நான். "இப்படிப்பட்ட திருடன் கிடைக்க ஊரு குடுத்து வச்சிருக்கணும்."

"நீ வாயை மூடு," என்றாள் அக்கா. "தாவ்லெத், நீங்க என்ன சொல்றீங்க?"

தாவ்லெத் சுவரோரமாக நின்றிருந்தார். புதுச் சூட்டு, தலையில் வெள்ளைத் தொப்பி. எங்கள் ஊர் ஜனம் முழுவதையும் வாய் திறக்க வைத்த மனிதர் தன் வாயைத் திறக்கவில்லை. தேன் பாட்டிலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கடைசியில் தன் ஷூவைப் பார்த்தார்.

"கொட்டகையை மூணு வருஷமா யாருக்கும் காட்டல," என்றார் பிறகு. "இன்னைக்குத்தான் திறக்கறதா இருந்தேன்."

"சாவி?"

"நிலைப்படிக்கு மேல."

"அது யாருக்கெல்லாம் தெரியும்?"

 தெருவில் நின்றிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். காற்றடித்த கோதுமை வயல்கூட அவ்வளவு ஒழுங்காகத் திரும்பாது.

அக்கா காருக்குள் ஏறினாள். டாஷ்போர்டு அறையைத் திறந்தாள். துணிக்குள் சுற்றிய ஒரு குட்டி ஜாடி வந்தது. மூடியைத் திறந்தாள். கொட்டகை முழுக்கத் தும்மியது. பூண்டு தாளித்த மிளகாய்த் துவையல்.

"யூசுப், காரா-பால்தாவுல இந்த மாதிரி கண்ணைப் பிடுங்கற துவையல் யாரு செய்யறாங்க?"

லாரி ஹாரன் சைக்கிள் மணியாகிவிட்டது. "ரெண்டு நிமிஷம்தான் பார்த்தேன் அக்கா... சத்தியமா வேற ஒண்ணும் பண்ணல... ஃபேன் பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்துச்சு, அதை மட்டும் இறுக்கினேன்."

"யூசுப்!" என்று அலறினார் தாவ்லெத்.

பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பை வந்தது. உள்ளே உப்புப் போட்டுக் காய வைத்த தயிர் உருண்டைகள். பையின் மூலையில் சிவப்பு நூலில் ஒரு ரோஜா. ஜபரோஷெத்ஸ் வைத்திருக்கும் கலீனா அம்மாள் தானாகவே முன்னால் வந்தாள். அறுபது வயது. எந்த எஞ்சினுக்குள்ளும் முழங்கை வரை கையை விடுகிறவள்.

"ஒயர் எல்லாம் தூசியா இருந்துச்சுப்பா," என்றாள், சர்ச்சில் பாவமன்னிப்புக் கேட்பவள் போல. "துடைச்சேன். ஒரு கிளிப்பு மாத்தினேன். மனசு கேக்கல."

இந்த கிளப் ஆட்களின் நோயே இதுதான். அடுத்தவன் காரைக் கண்டால் கும்பிட்டுவிட்டுப் போக மாட்டார்கள். ஒரு திருகாவது திருகிவிட்டுத்தான் போவார்கள். கோர்ட்டில் நிறுத்தினால் அன்றைக்கு தெருவுக்கே தண்டனை கிடைத்திருக்கும்.

அக்கா வோல்காவின் தண்டருகே குனிந்து அந்த நட்டை விரலால் தட்டினாள்.

"தம்பி, இதைப் பாரு."

"நட்டு."

"நட்டுன்னு எனக்கும் தெரியும். ஸ்டியரிங்கைக் கழட்டிட்டு, வாஷரைப் போட்டு, நட்டைத் திரும்பவும் அதே இடத்துல மாட்டி வச்சிருக்கான். எதுக்கு?"

"தொலையாம இருக்க."

"யாருக்கு அது தொலைஞ்சா கஷ்டம்?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். ட்ராலிபஸ் நின்றுபோனால் பயணிகளிடம் ஆட்டுவேனே, அதே ஆட்டல்.

வெளியே வரும்போது வாசல் கேட்டருகில் அக்கா நின்றாள். இரண்டு தூண்கள். ஒன்று மங்கிப்போன பச்சை. இன்னொன்று பளபளவென்று புதுப் பச்சை.

"தாவ்லெத், என்ன இது?"

"கல்யாண வீடு, அக்கா. பெயிண்ட் அடிச்சேன்."

"கல்யாணம் ஒரு தூணுக்கு மட்டும்தானா?"

"பெயிண்ட் தீர்ந்துடுச்சு."

அக்கா தூணை ஒரு தடவை தடவிவிட்டு, தன் எழுபத்து நாலாம் வருடத்து ஜிகுலியின் கதவைத் திறந்தாள். "ஏறுங்க. தேன் எங்கிருந்து வந்துச்சோ அங்கயே போய்க் கேப்போம். டாக்டர் முன்னாடி, ஐபேரியும் நம்ம வாயாடித் தம்பியும் பின்னாடி."

"நான் எதுக்கு அக்கா?" என்றார் தாவ்லெத்.

"உங்க பொருள்தானே தொலைஞ்சது? தேடறதுக்கு ஆசை இருக்கும்ல?"

அவர் ஏறினார். ஆசையாக ஏறினதாகத் தெரியவில்லை.

*

ஸோஸ்னோவ்கா சாலை ஏறி இறங்கி வளைந்து போகும். அக்கா ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் செய்யாத தப்பெல்லாம் ஞாபகம் வரும். அவள் கியர் மாற்றுவது கைக்குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது மாதிரி இருக்கும். ஜிகுலியின் பிரேக்கும் அப்படித்தான், தொட்டால் நிற்கும்.

ஐபேரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கை அடிக்கடி காதுக்குப் போனது.

"மாமா ஏன் அப்பாகிட்ட சொல்லாம வந்து பார்த்தாரு?" என்றாள் மெதுவாக. "கூப்பிட்டிருந்தா அப்பாவே காட்டியிருப்பாரு. இல்லப்பா?"

 ஒரு இறக்கம் வந்தது. தாவ்லெத்தின் வலது கால் தரையை அழுத்தியது.

"அவங்க ரெண்டு பேருக்கும் பழைய சண்டை," என்று என்னிடம் சொன்னாள். "மூணு வருஷத்துக்கு முன்னாடி கிளப்ல எல்லார் முன்னாடியும் அப்பா மாமாவோட பொபேதாவை 'நத்தை'ன்னு சொல்லிட்டாரு. சிரிச்சாங்க எல்லாரும்."

"நத்தை கோவிச்சுக்கும்," என்றேன். "அந்த பொபேதாவை விட அது வேகம்."

யாரும் சிரிக்கவில்லை. வழக்கமாக என் ஜோக்குக்குக் குறைந்தது நானாவது சிரிப்பேன். அன்றைக்கு எனக்கும் வரவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மனிதரின் பிடரியில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மலையில் புதுப் பனி.

இன்னொரு இறக்கம். மறுபடி அந்தக் கால். ஸூரா அக்கா சாலையை மட்டும்தான் பார்த்தாள். ஆனால் லைசென்ஸ் தேர்வில் அவள் எப்போதும் பார்ப்பது சாலையை இல்லை.

குபாத் வீட்டு வாசலில் இறங்கும்போது என் காதருகே குனிந்தாள். "பார்த்தியா?"

"எதை?"

"காலை."

"காலைச் சாப்பாடா? இன்னும் சாப்பிடல."

"நீ ட்ராலிபஸ் ஓட்டி யாரும் சாகாதது அதிசயம்," என்றாள் அக்கா. உள்ளே போனாள்.

*

குபாத் விருந்துக்குப் புறப்படத் தயாராக இருந்தார். கட்டை மீசை, உடம்பு கதவளவு. கறுப்பு பொபேதாவின் டிக்கியில் எண்ணெயில் பொரித்த ரொட்டி மூட்டை, தேன் டப்பாக்கள், சம்பந்திக்குப் போர்த்த ஒரு பூ வேலை செய்த அங்கி. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஐபேரியின் முகத்தைப் பார்த்ததும் வாடியது.

"மாமா, ஸ்டியரிங் காணோம்," என்றாள் அவள் நேரடியாக. "வண்டியில உங்க தேன் இருந்துச்சு."

அவருடைய காதுகள் சிவந்தன. அந்த மலையடிவாரத்தில் தக்காளி விற்பவன் பார்த்திருந்தால் விலை கேட்டிருப்பான்.

"பார்த்தேன்," என்றார். "முந்தாநாள் வந்தேன். அவரு கிளினிக்ல இருந்தாரு. சாவி எங்க இருக்கும்னு தெரியும். பார்த்தேன். தேனை வச்சேன். வந்துட்டேன்."

"ஸ்டியரிங்?" என்றாள் ஸூரா அக்கா.

"எடுக்கல." மூச்சு விட்டார். "எடுத்திருக்கணும்."

 தேனீக்கள் மட்டும் கவலைப்படாமல் சுற்றின.

"அப்படின்னா என்ன மாமா?"

"சொல்ல மாட்டேன்ம்மா. திருட்டுத்தனமா பார்த்தவனுக்குப் பார்த்ததைச் சொல்ல என்ன உரிமை?" தாவ்லெத் பக்கம் திரும்பினார். "நான் எடுத்தேன்னு யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க," என்றாள் ஐபேரி. "அப்பா சொல்லல."

"இல்லைன்னு சொன்னாரா?"

தாவ்லெத் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலிதான் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று நான் சொல்வேன்.

குபாத் பூ அங்கியை டிக்கியிலிருந்து எடுத்தார். மடித்தார். ரொம்ப நேரம் மடித்தார். வீட்டுப் படியில் வைத்தார்.

"சரி. திருடன்னு பேர் வாங்கின வீட்டுப் பையன் யார் வாசல்லயும் மாப்பிள்ளையா போய் நிக்க வேண்டாம். ஆஸத்கிட்ட நானே சொல்லிக்கிறேன். அவன் அழுவான். அழட்டும்."

ஐபேரி ஒரு கம்மலைக் கழற்றினாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். 

"மாமா, நீங்க எங்ககூட இப்பத் திரும்பி வரணும். வரலைன்னா இன்னொண்ணையும் கழட்டி இந்தப் படியிலயே வச்சுட்டுப் போறேன். வச்சுட்டா நான் திரும்பி எடுக்க மாட்டேன், தெரியும்ல?"

அவருக்குத் தெரியும். பொபேதாவில் ஏறினார்.

*

திரும்பி வந்தபோது தெருவில் எஞ்சின்கள் இன்னும் உறுமிக்கொண்டிருந்தன. பேச்சு மட்டும் நின்றுபோனது. யூசுப் குபாத்தைப் பார்த்துவிட்டுத் தன் மாஸ்க்விச்சின் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அங்கே தேட ஒன்றும் இல்லை.

"பெய்ஷென், என் டிக்கியில பெரிய கொறடு இருக்கு. எடு," என்றாள் அக்கா.

கவ்வினால் விடாத கொறடு அது. முதலை ஒன்று மறுபிறவியில் இரும்பாகப் பிறந்த மாதிரி. அக்கா அதை வாங்கிக்கொண்டு நேராகக் கொட்டகைக்குள் போனாள். வோல்காவில் ஏறினாள். நட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டாள். தண்டின் மேல் கொறடைக் கவ்வ வைத்தாள். இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள். முன் சக்கரங்கள் சாதுவாகத் திரும்பின.

"ஸ்டியரிங் கிடைச்சாச்சு," என்றாள் சத்தமாக. "ஐபேரி, வா, ஏறு. நான் ஓட்டறேன். கணவாய் ஏறி இறங்கிடுவோம். விருந்து ஆறக்கூடாது. கிளப் விதி என்ன? ஓட்டிக்கிட்டு வரணும், அவ்வளவுதானே? எதால பிடிச்சு ஓட்டணும்னு யாரும் எழுதி வைக்கல."

ஐபேரி ஏறி உட்கார்ந்தாள். அக்கா சாவியைத் திருப்பினாள்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? கொட்டகைக் கூரையில் இருந்த புறாக்கள் உஸ்பெக் எல்லை தாண்டிப் போய்த்தான் மூச்சு விட்டிருக்கும். என் கட்டுப் பல் எனக்கு முன்னால் வாசலுக்கு ஓடியது. வோல்கா மெல்ல முன்னால் நகர்ந்தது.

"வேண்டாம்!"

இரண்டு தொண்டைகள். இரண்டு பேர் ஓடி வந்து பானட்டின் மேல் கையை ஊன்றி நின்றார்கள். இடது பக்கம் தாவ்லெத். வலது பக்கம் குபாத்.

அக்கா எஞ்சினை அணைத்தாள். கைப்பிரேக்கை இழுத்தாள்.

"ஒருத்தர் கத்துவாருன்னு நினைச்சேன்," என்றாள். "ரெண்டு பேரா கத்திட்டீங்க. அது சரி, நிக்காத வண்டிக்கு முன்னாடி வந்து நிக்கறீங்களே, புத்தி இருக்கா?"

தெருவே கொட்டகை வாசலுக்கு வந்துவிட்டது.

"இந்த வண்டியைத் திருட்டுத்தனமா பார்த்தது மூணு பேரு. மூணு பேரும் கொரும்துக் வச்சாங்க. தேன், துவையல், தயிர் உருண்டை. ஸ்டியரிங் எடுத்தவன் மட்டும் ஒண்ணும் வைக்கல. நம்ம ஊர்ல ஒரு புதுப் பொருளை வெறுங்கையோட பார்க்க யாருக்கு உரிமை இருக்கு? யோசிங்க. அதோட சொந்தக்காரனுக்கு மட்டும்தான். தன் மனைவிக்கு எவனாவது முகம் பார்த்த பரிசு குடுக்கறானா? நட்டைப் பத்திரமா மாட்டி வச்சவன் ஸ்டியரிங்கைத் திரும்ப மாட்டப் போறவன். ஒரு தூணுக்கு மட்டும் பெயிண்ட் அடிச்சவன் அந்தத் தூண் மேல எதையோ மோதினவன். என் வண்டியில பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு இறக்கத்துலயும் இல்லாத பிரேக்கை அழுத்திக்கிட்டு வந்தவன்..." அக்கா நிறுத்தினாள். "மீதியை நீங்களே சொல்லுங்க டாக்டர். முப்பது வருஷம் நான் நிறைய பேரை ஃபெயிலாக்கியிருக்கேன். ஒருத்தரும் செத்ததில்ல."

தாவ்லெத் வெள்ளைத் தொப்பியைக் கழற்றினார்.

"எஞ்சின் வந்துச்சு," என்றார். "அதுக்குத் தகுந்த பிரேக் அடுத்து வரும், அடுத்து வரும்னு... பழைய பிரேக் நல்ல பிரேக்தான், பழைய எஞ்சினுக்கு. போன வாரம் ராத்திரி தெருவுல ஓட்டிப் பார்த்தேன். அழுத்தினேன். நிக்கல. தூண் நிறுத்துச்சு." தொப்பியைக் கையில் உருட்டினார். "கணவாய்ல ஏத்திடலாம். இறக்க முடியாது. அதுல என் பொண்ணு."

"முதல்ல பிரேக்கைப் பாருன்னு ஒருத்தர் சொல்லலியா உங்ககிட்ட?"

"இவருதான் சொன்னாரு. மூணு வருஷம் முன்னாடி. எல்லார் முன்னாடியும். நான் நத்தைன்னேன்."

குபாத் மீசையைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"அப்பா," என்றாள் ஐபேரி. வண்டியை விட்டு இறங்கியிருந்தாள். "பிரேக் இல்லைன்னா இல்லைன்னு சொல்லியிருந்தா நாம பஸ்ல போயிருப்போம். அதைக்கூட விடுங்க. இவரைத் திருடன்னு சொன்னப்ப, 'அவர் இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"வாய் வரைக்கும் வந்துச்சும்மா."

"வந்து?"

"அவர் இல்லைன்னா யாருன்னு கேப்பாங்களேன்னு..."

 தாவ்லெத் வீட்டின் உள்ளறைக்குள் போனார். மகளின் சீர் மெத்தைகள் கூரை வரை அடுக்கி வைத்திருக்கும் அறை அது. கல்யாணத்தன்று வரை அதை யாரும் கலைக்க மாட்டார்கள். சிவப்புப் பட்டு மெத்தை ஒன்றுக்குள்ளிருந்து தந்த நிறத்தில் அந்த ஸ்டியரிங் வெளியே வந்தது. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றார். பிறந்த குழந்தையைத் தொலைத்துவிட்டுத் திரும்பக் கண்டுபிடித்தவர் மாதிரி என்று சொல்லலாம். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"நானும் யோக்கியன் இல்ல," என்றார் குபாத் திடீரென்று. எல்லோரும் திரும்பினார்கள். "சக்கரத்துக்குள்ள எட்டிப் பார்த்தேன். பழைய பிரேக்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. சொன்னா, ஒளிஞ்சு பார்த்ததையும் சொல்லணும். வெக்கமா இருந்துச்சு. அதனால இன்னைக்கு நான் முன்னாடி போறேன், இவரு பின்னாடி வரட்டும்னு திட்டம் போட்டேன். இறக்கத்துல நிக்கலைன்னா என் வண்டி மேல வந்து இடிப்பாரு. என் பிரேக் ரெண்டு வண்டியையும் நிறுத்தும்."

"அந்த வண்டியில நானும் இருந்திருப்பேன், மாமா."

"பின்சீட்டுல உட்கார வைக்கலாம்னு..." என்று ஆரம்பித்தவர் அதன் அபத்தம் தன் காதிலேயே விழுந்ததும் நிறுத்திக்கொண்டார். கதவளவு உடம்பு ஜன்னலளவு ஆகிவிட்டது.

ஸூரா அக்கா தெருவில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். "மத்தவங்க? எஞ்சினுக்குத் தகுந்த பிரேக் யார் யார் வண்டியில இருக்கு? கையைத் தூக்குங்க."

யூசுப் தன் மாஸ்க்விச்சை அணைத்தார். கலீனா அம்மாள் அணைத்தாள். ஒவ்வொன்றாக உறுமல்கள் அடங்கின.  கை தூக்கியிருந்தது குபாத் ஒருவர்தான், அதுவும் காதளவுக்கு மேல் போகவில்லை.

ஐபேரி நடுவில் வந்து நின்றாள். ஒரு காதில் கம்மல், ஒரு காது வெறுமை.

"அபராதம் நான் சொல்றேன். அப்பா, ஒவ்வொரு வண்டிகிட்டயும் போங்க. ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்து, 'அவர் எடுக்கல, நான்தான் எடுத்தேன்'னு சொல்லுங்க. ஒரு வண்டி விடாம."

தாவ்லெத் போனார். ஒவ்வொரு ஜன்னலிலும் குனிந்தார். முதல் ஜன்னலில் இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது. நாலாவது ஜன்னலில் யூசுப், "போதும் டாக்டர், நான்தானே கத்தினேன், என் காதுல எதுக்குச் சொல்றீங்க?" என்று அழுதே விட்டார். துவையலின் காரம் என்று பிறகு சாதித்தார். கடைசி ஜன்னலை முடித்துவிட்டு தாவ்லெத் குபாத்தின் முன்னால் வந்து நின்றார்.

"நீங்க எடுக்கல, சம்பந்தி. நான்தான்."

"சம்பந்தின்னு கூப்பிட இன்னும் பொண்ணு சம்மதிக்கல," என்றார் குபாத்.

ஐபேரி உள்ளங்கையைத் திறந்து கம்மலைப் பார்த்தாள். மாட்டிக்கொள்ளவில்லை. "வழியில யோசிக்கறேன். மாமா, வண்டியை எடுங்க. முன் சீட்டு எனக்கு."

*

அன்றைக்கு அந்த கிளப்பின் விதி உடைந்தது. மலையேறப் பிறந்த எஞ்சின்கள் எல்லாம் தெருவிலேயே நிற்க, அவற்றின் சொந்தக்காரர்கள் ஒரு மினி பஸ்ஸில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் போனார்கள். சவ ஊர்வலத்தில்கூட இதைவிட அதிகமாகப் பேச்சு இருக்கும். முன்னால் நத்தை பொபேதா; குபாத் ஓட்ட, பக்கத்தில் ஐபேரி, பின் சீட்டில் தாவ்லெத். அதற்குப் பின்னால் ஸூரா அக்காவும் நானும்.

கணவாய் ஏறி, சுரங்கத்தைத் தாண்டி, சூசாமிர் பக்கம் சரியும் சாலையில் பொபேதா திடீரென்று நின்றது. நின்றது என்றால், ஆணி அடித்த மாதிரி. அக்கா கொஞ்சம் அசந்திருந்தால் நாங்களும் அதற்குள் பயணிகளாகியிருப்போம்.

"என்னாச்சு?" என்று கத்திக்கொண்டு நான் இறங்கி ஓடினேன்.

பின் கதவு திறந்து தாவ்லெத் இறங்கினார். கண்கள் கலங்கியிருந்தன. "நான்தான் நிறுத்தச் சொன்னேன். நிக்குது பெய்ஷென், பார்த்தியா? இந்த இறக்கத்துல நிக்குது! எந்த வண்டியோட பிரேக்கு சம்பந்தி இது?"

"சொன்னா நம்ப மாட்டீங்க," என்றார் குபாத். அவரும் இறங்கிவிட்டார். "பின்னாடி வேற, முன்னாடி வேற. குழாய் எல்லாம் நானே வளைச்சேன். இங்க வாங்க, படுத்தாத்தான் தெரியும்."

"என் வோல்காவுக்கு இது உட்காருமா?"

"உட்கார வைப்போம். குனியாதீங்க, படுங்க."

புதுச் சூட்டும் விருந்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையும் அந்த மலைச் சாலையின் தூசியில் மல்லாந்தன. இரண்டு ஜோடி பளபள ஷூக்கள் மட்டும் பொபேதாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து, "அட! அட!" என்று ஒரு குரல். "மூணு வருஷம் முன்னாடியே கேட்டிருக்கணும்யா நான்," என்று அதே குரல்.  யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

மினி பஸ் வந்து நின்றது. அத்தனை பேரும் இறங்கிச் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். யூசுப் படுக்க இடம் தேடினார். சமவெளியில் தூரத்தில் வெள்ளைக் கூடாரங்களும், விருந்துப் புகையும், எங்களை எதிர்பார்த்துக் குதிரையில் வந்துகொண்டிருந்த ஓர் இளைஞனும் தெரிந்தார்கள்.

பொபேதாவின் முன் ஜன்னலிலிருந்து ஐபேரி தலையை நீட்டினாள். இரண்டு காதிலும் கம்மல் ஆடியது.

"ரெண்டு பேரும் வெளிய வர்றீங்களா, இல்ல நான் வண்டியை எடுக்கட்டுமா? இன்னைக்குத் தேதி வைக்கறது எனக்கா, இந்தப் பிரேக்குக்கா?"